பதினாலாவது உருண்டை

அம்மா செத்துப்போய் எழுபத்தைந்தாம் நாள் எங்கள் வீட்டு முறை விருந்து நடந்தது. அந்த விருந்தில் பரிமாறியது பெரும்பாலும் அம்மா செய்து வைத்ததுதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு எதையும் முன்னாலேயே செய்து வைத்துவிட வேண்டும். மழைக்கு முன்னால் விறகு பரண் ஏறிவிடும். நைனா ஏரியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் வெந்நீர் தயாராக இருக்கும். எனக்குப் பசிக்கப்போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. என்னுடைய பசியைக்கூட அவள் எனக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறாள் என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எங்கள் ஊரில் பதினாலு வீட்டுக்கு வலை உண்டு. பதினாலு வலைக்கும் பதினாலு இடம். எந்த வலைக்கு எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒரு தரம் ஓலைச்சீட்டு எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் பாடு என்று பெயர். காணும் பொங்கல் அன்று ஏரிக்கு நடுவே இருக்கிற மணல்திட்டில் எல்லோரும் கூடுவார்கள். முதலில் விருந்து, பிறகு சீட்டு. விருந்து வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. முறை வந்த வீடு விருந்து வைக்கவில்லை என்றால் அந்த வீட்டு ஓலை அந்த வருஷம் சீட்டுப் பானைக்குள் விழாது. ஓலை விழாவிட்டால் வலை போட இடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்குப் பதினாலு வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. விருந்து வைக்கிற வீடு எல்லாவற்றையும் முந்தின நாளே செய்து முடித்துப் படகில் ஏற்றிவிட வேண்டும். வருஷத்தில் பெண்களும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது ஒன்றுதான். முன்னாலேயே செய்து வைக்கிற அம்மாவுக்காகவே யாரோ வைத்த வழக்கம் மாதிரி இருக்கும்.

எங்கள் முறை பதினாலு வருஷத்துக்குப் பிறகு வந்தது. போன தடவை நான் இடுப்பில் இருந்த பெண் குழந்தை. அதனால் அம்மா அந்த வருஷம் சித்திரையிலேயே தொடங்கிவிட்டாள். மாவடுவை உப்பில் போட்டுப் பானை வாயைத் துணியால் கட்டினாள். ஆடியில் இறாலை, நாங்கள் எறா என்போம், காயவைத்துச் சுரைக்குடுக்கைக்குள் அடைத்தாள். புரட்டாசி முடிகிற சமயத்தில் உருண்டை பிடித்தாள்.

வலைக்கு ஒரு உருண்டை என்று விருந்தில் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் எண்ணெயில் சுழியன் சுட்டுக் கொடுப்பார்கள். அம்மா பொரிவிளங்கா உருண்டைதான் செய்வேன் என்றாள். புழுங்கலரிசியையும் பயறையும் தனித்தனியாக வறுத்து, திருகையில் அரைத்து, சுக்கும் கொப்பரைத் துண்டும் போட்டு, வெல்லப்பாகு கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் பிடிக்க வராது. எனக்கு உள்ளங்கை சிவந்துபோயிற்று.

"பொங்கலுக்கு மூணு மாசத்துக்கு மேல கீது. இப்ப இன்னா அவசரம்?" என்று கத்தினேன்.

"மழை புடிச்சா மாவு நமத்துப் பூடும். அப்பறம் உங்க நைனா தலைலயா போட்டு வறுப்ப?" என்றாள்.

பதினாலு உருண்டை. எலுமிச்சம்பழ அளவு. எண்ணி, பனையோலைப் பெட்டியில் வைத்து, உறியில் தொங்கவிட்டாள். எறும்பு வராமல் உறிக்கயிற்றில் வேப்பெண்ணெய் தடவினாள். ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள். எட்டாம் நாள் மழை விட்டு வெயில் வந்தது. அன்றைக்குப் பிற்பகல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு உறி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வீட்டுக்குள் குனிந்தே நடந்தேன்.

மார்கழியில் ஒரு காலை. பனியில் ஏரியும் கரையும் ஒன்றாகக் கலந்திருந்தன. ஏரிக்கரை ஒல்லாந்தர் கோட்டையில் மணி அடித்தது, ஆனால் கோட்டை தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து பெரியதனம் வந்தார். பதினாலு வலைக்கும் அவர்தான் தலைமை. அவர் சொன்னதுதான் முறை. நைனா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கையில் வைத்திருந்தார். தைக்கவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"இந்த வருசம் உங்க முறை வேணாம்டா தம்பி" என்றார் பெரியதனம். அன்பாகத்தான் சொன்னார். "சாவு வூட்ல வருசம் திரும்பற வரைக்கும் எண்ணெச்சட்டி வெக்கக் கூடாது. தோரணம் கட்டக் கூடாது. இன்னாத்த வெச்சு விருந்து போடுவ? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"சீட்டு?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் அடுத்த வருசம்தான் கண்ணு."

நைனா "சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் சரி சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் அவரே சொன்னார். கடலில் மூன்று பாய்மரத்தோடு ஒல்லாந்தர் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கோட்டையிலிருந்து துணி மூட்டைகள் படகு படகாக அதற்குப் போய்க்கொண்டிருந்தன.

"கப்பல்ல ஆள் எடுக்கிறானுங்க. துபாசிகிட்ட சொல்லி வெச்சிட்டேன். காணும் பொங்கல் கழிஞ்சு ரெண்டாம் நாள் பாய் விரிக்கிறாங்க." துபாசிதான் ஒல்லாந்தருக்கும் எங்களுக்கும் நடுவில் மொழி மாற்றிப் பேசுகிறவர்.

"எங்க போவுது?"

"பத்தாவியா. கடலுக்கு அந்தாண்ட, அவனுங்க கோட்டை கீற இன்னொரு ஊரு."

"எவ்ளோ தூரம் நைனா?"

அவர் கடலைப் பார்த்தார். "ஒரு வருசம். ரெண்டு வருசம். நீ அத்தை வூட்ல இரு. யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

எங்கள் ஊரிலிருந்து அதற்கு முன்னால் மூன்று பேர் அந்தக் கப்பல்களில் போயிருந்தார்கள். ஒருவர் திரும்பி வந்தார். அது நைனாவுக்கும் தெரியும்.

அவர் போகவேண்டும் என்பதற்குச் சீட்டு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. படகில்தான் படுத்தார். அம்மா போட்ட மாவடுவைத் தட்டில் வைத்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார். அவள் கை பட்ட எதையும் அவர் வாயில் வைக்கவில்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் சீட்டு கிடைத்தால் ஒருவேளை நிற்பார் என்று நினைத்தேன். நினைக்க வேறு எதுவும் இல்லை.

அன்றைக்குத்தான் நிமிர்ந்து உறியைப் பார்த்தேன்.

அத்தை மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். நைனாவுக்கு அக்கா. கோட்டைத் தெருவில் மீன் விற்கிறவள். ஒல்லாந்துச் சிப்பாய்களையே பேரம் பேசி விரட்டுவாள். அவள் வந்து ஓலைப்பெட்டியை இறக்கினாள். ஒரு உருண்டையை எடுத்து மூக்கில் வைத்து மோந்தாள். நகத்தால் கீறிப்பார்த்தாள். திருகைக்கல்லில் தட்டினாள். கல் சத்தம்தான் வந்தது.

"கெட்டுப் போவல" என்றாள். பிறகு பெட்டியை மடியில் வைத்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எழுந்தபோது, "வா மே, அந்தாள்கிட்ட போவலாம்" என்றாள்.

கப்பல் விஷயத்தை அவளிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாதே என்றிருந்தாரே.

பெரியதனம் கரையில் படகுக்குக் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தார். கூட நாலைந்து பேர்.

"அண்ணே, எங்க வூட்டு விருந்து இருக்குது" என்றாள் அத்தை. "எண்ணெச்சட்டி வெக்க மாட்டோம். பலகாரம் எதுவும் செய்ய மாட்டோம். எல்லாம் செஞ்சாச்சு."

"யாரு செஞ்சா?"

"போனவதான்."

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். "செத்தவ செஞ்சத ஊருக்குப் போடறதா?" என்றார் ஒருவர்.

"அவ செஞ்சப்போ உயிரோடதானய்யா இருந்தா. செத்தப்பறம் எழுந்து வந்தா செஞ்சா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியதனம் சிரிக்கவில்லை. "அது சரி. தோரணம்? தோரணம் இல்லாம விருந்தா?"

நான் சொன்னேன். "வூட்ல கட்ட மாட்டோம் பெரிநைனா. திட்டுலதான் கட்டுவோம். திட்டு சாவு வூடு இல்லியே."

அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார். குங்கிலியக் கையை மணலில் தேய்த்தார். "விருந்து வெக்கிறவன்தான் முதல் வாய் வெக்கணும். அவன் உருண்டையத் துண்ணாத்தான் மத்தவன் தொடுவான். அது எப்பவும் இருக்கிறது. உங்க நைனா துண்ணுவானா?"

"துண்ணுவாரு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னபோது அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செய்யறதுன்னா செய்" என்றார். கப்பலுக்குப் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். போகிக்கு முந்தின நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, பெட்டியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தேன். துணியில் சுற்றி அரிசிப்பானைக்குள் புதைத்தேன். திரும்பி வந்த அந்த ஒருவர் சொல்லியிருந்தார், கப்பலில் கல் மாதிரி ரொட்டி கொடுப்பார்கள், உடைத்தால் புழு நெளியும் என்று. அம்மா உருண்டை கெடாது. பத்தாவியா வரைக்கும் கெடாது. அவரை நிறுத்துவதற்காக ஒரு கையால் விருந்து ஏற்பாடு செய்துகொண்டு, இன்னொரு கையால் அவர் போவதற்குக் கட்டிவைத்தேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எப்போதும் விருந்துக்கு ஒருவர் இருவர் வராமல் இருப்பார்கள், காய்ச்சலோ கோபமோ இருக்கும். பதிமூன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் அன்று எங்கள் வீட்டில் கோலம் இல்லை, புதுப்பானை இல்லை. மற்ற வீட்டுப் பொங்கல் வாசனை மட்டும் வந்தது. மறுநாள் மாட்டுப் பொங்கல். அன்றைக்கு விடியலில் தொடங்கி அத்தையும் நானும் மறுநாளுக்கானதைச் சமைத்தோம். பெரிய பானையில் சோறு வடித்து ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மடவை மீனைப் புளி கூடுதலாக விட்டுக் குழம்பு வைத்தோம், தாளிக்கவில்லை. மீன் குழம்பு ஒரு நாள் கழித்துத்தான் குழம்பு. குடுக்கையிலிருந்து எறாவைக் கொட்டி வெறும் ஓட்டில் வறுத்து, காய்ந்த மிளகாயோடு இடித்தோம். மாவடுப் பானையைத் திறந்தபோது அந்த வாசனையில் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தோம்.

தோரணத்துக்கு மாவிலை வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சாயக்காரர் தெருவுக்குப் போனேன். அங்கேதான் ஒரு மழைக்காலம் அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினேன். கோட்டைக்காகச் சாயம் தொட்டு வரைகிற துணியில் பூ சரியாக விழாவிட்டால் துபாசி ஒதுக்கிவிடுவார். அந்தக் கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். தலை விடுபட்ட மயில், பாதிப் பூ, நீலம் கலங்கிப்போன கொடி. எல்லாவற்றையும் கை அகலத்துக்குக் கிழித்துப் பழைய வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான் அலங்காரம்.

காணும் பொங்கல் காலையை நினைத்தால் எனக்குச் சத்தம் ஞாபகம் வருவதில்லை. வெளிச்சம்தான் வருகிறது. பனி வெள்ளையாக, பால் தெளித்த மாதிரி. அதற்குள் பதினாலு படகு முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் எந்தப் படகுக்கும் அடிப்பாகம் தெரியவில்லை. ஆட்கள் மட்டும் இடுப்புக்கு மேலே மிதந்துபோனார்கள். எங்கள் படகில் சோற்றுப்பானையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் போகிற படகில் ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அது அம்மா என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை என்று தெரியும். திட்டு வரும்வரை அவள் திரும்ப வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வேறு யாரோவாகத் திரும்பிவிடுவாளே.

திட்டில் இரண்டு துடுப்புகளை நட்டுத் தோரணக் கயிற்றைக் கட்டினோம். பனி விலகியதும் காற்று வந்தது. கிழிந்த பூக்களும் தலை இல்லாத மயில்களும் படபடத்தன. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பூநாரைகள் ஒரு நீளக் கோடாக நின்றன. அதற்கும் அந்தப் பக்கம் கடல், கடலில் அந்தக் கப்பல். நைனா கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அது நல்ல சகுனமா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பாய்மரத் துணியை விரித்து எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினாலு வீடும் வந்திருந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. காய்ச்சல்காரர் ஒருவரைக்கூடப் போர்த்திக் கூட்டிவந்திருந்தார்கள். சாவு வீட்டு விருந்து எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. நான் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பதிமூன்றை இன்னொரு தரம் எண்ணினேன்.

முதல் உருண்டை நைனாவுக்கு. பனையோலைத் தொன்னையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"டேய், சாயந்திரத்துக்குள்ள துண்ணுடுவியா?" என்றார் ஒருவர்.

"கோட்டைல பீரங்கிக்குக் குண்டு பத்தலன்னா இவங்க வூட்ல வாங்கிக்கலாம்" என்றார் இன்னொருவர்.

அது அம்மா இருந்தபோதே அவள் உருண்டையைப் பற்றிச் சொல்கிற கிண்டல்தான். நைனா உருண்டையை எடுத்தார். வாய்க்குள் போட்டுக்கொண்டார். முழுதாக.

மூன்று மாதமாகக் காய்ந்து அது கல்லாகவே ஆகியிருந்தது. அவர் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். கன்னம் புடைத்துக்கொண்டது. சரி, வாய் வைத்துவிட்டார் என்று பெரியதனம் தலையாட்டினார். நான் மற்றவர்களுக்கு வைத்துக்கொண்டே போனேன். பெரியதனத்துக்குக் கடைசியில்தான் வைக்க வேண்டும், அது மரியாதை. அவருக்கு முன்னால் நின்றபோது பெட்டி காலியாக இருந்தது.

"ஒண்ணு கொறையுது" என்றார் அவர்.

"கொறையாதே" என்றாள் அத்தை. "அவ எண்ணி வெச்சா எண்ணி வெச்சதுதான். பதினாலு. நான் பாத்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா மே பண்ண?"

எலி தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அம்மா உறியைச் சரியாகக் கட்டவில்லை என்று ஆகிவிடும். செத்தவளின் எண்ணிக்கையிலோ கட்டிலோ குறை வந்துவிடும். அதை என்னால் செய்ய முடியவில்லை.

"நான் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். "நைனாவுக்கு. கப்பல்ல துண்ண."

"எந்தக் கப்பல்?"

நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். வரிசையில் இருந்த எல்லாத் தலையும் கப்பலைப் பார்த்துத் திரும்பின. பிறகு எல்லாத் தலையும் நைனா பக்கம் திரும்பின.

அவரால் பேச முடியவில்லை. வாய் நிறைய உருண்டை.

"டேய் தம்பி" என்றாள் அத்தை. அவள் குரல் தாழ்ந்து வந்தது, அதுதான் பயம். "பத்தாவியாவுக்கா போற? எங்கிட்ட சொல்லாம? இந்தப் பொண்ண உட்டுட்டா? அத்தத் துப்பிட்டு பதில் சொல்லுடா."

"துப்பக் கூடாது, துப்பக் கூடாது" என்று பெரியதனம் கையை நீட்டினார். "முதல் வாய் துப்பினா விருந்து கெட்டுப் பூடும்."

நைனா துப்பவும் முடியாமல் கடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பெரியதனம் விசாரிக்கத் தொடங்கினார். துபாசியிடம் பெயர் கொடுத்தாயா என்றார். நைனா தலையாட்டினார். மார்கழியிலேயேவா என்றார். அதற்கும் தலையாட்டினார். போகப் போகிறாயா என்றார். அதற்கு நைனா ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் தலையாட்டவில்லை. கன்னத்தில் உருண்டை மட்டும் மெல்ல நகர்ந்தது. பாகு கரையத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. எல்லோரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். தோரணத் துணி படபடப்பது மட்டும் கேட்டது.

டக்கென்று ஒரு சத்தம். உருண்டை உடைந்தது. பக்கத்தில் இருந்தவர் பல்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தாராம். நைனா மென்றார். மெதுவாக, முழுதாக மென்று விழுங்கினார்.

"சுக்கு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அம்மாவிடம் அவர் சொல்கிற அதே சொல். அவளும் ஒவ்வொரு வருஷமும் குறைக்கமாட்டாள். அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆம்பளைகள் வலைக்குக் கட்டுகிற மண்குண்டால் உருண்டையைத் தட்டி உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர்ச் சோறும், நேற்றைய மீன் குழம்பும், இடித்த எறாவும், மாவடுவும். நைனா மாவடு எடுத்துக்கொண்டார். ஒன்று. பிறகு இன்னொன்று.

பெரியதனம் மட்டும் தன் காலித் தொன்னையைக் காட்டினார். "என் பங்கு அந்தக் கப்பல் உருண்டதான். நாளைக்குக் காலைல வூட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார் என்னிடம். ஆனால் நைனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு சீட்டு. எங்கள் ஓலையில் வீட்டு அடையாளமாக மூன்று கோடு. அது பானைக்குள் விழுந்தபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் எங்களுக்கு வந்த இடம் கோட்டைப் படகுத்துறைக்குப் பக்கம். இருக்கிற பதினாலில் அதுதான் மட்டம். எப்போதும் படகு போய்வந்து தண்ணீர் கலங்கிக்கிடக்கும்.

"எறா வராது. சிப்பாய் தொப்பிதான் வலைல வரும்" என்றார் ஒருவர். நைனா போய்த் தோரணத் துடுப்புகளைப் பிடுங்கினார். திரும்பி வந்தோம். வெயில் ஏரியில் நீளமாக விழுந்திருந்தது. படகு அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தது. தோரணத்தைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். நல்ல இடம் வந்திருந்தால் நிற்பார், இந்த இடத்துக்கு நிற்பாரா என்று அதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அரிசிப்பானையிலிருந்து உருண்டையை எடுத்து வைத்தேன். நைனா வாசலில் இருந்தார். அன்று சாயங்காலம் துபாசியின் படகு கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும். கப்பலில் பாய்களை ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ துணி உதறுகிற மாதிரி இருந்தது.

பெரியதனம் வந்தார். மேல்துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார், கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

"எம் பங்கு" என்றார்.

நான் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்தேன். கொடுத்துவிட்டால் கப்பலுக்கு எடுத்துப்போக அவரிடம் எதுவும் இல்லை. அம்மா செய்ததில் வீட்டில் மிச்சமும் இல்லை. பெரியதனம் துண்டை ஏந்தியபடியே நின்றார். நைனா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததைத்தான் பார்த்தார். பிறகு குனிந்து, மடியில் கிடந்த வலையின் கிழிசலைத் தேடி எடுத்து, ஊசியை உள்ளே விட்டார்.

"குடுத்துடும்மா" என்றார்.

நான் கொடுத்தேன். பெரியதனம் அதைத் துண்டில் முடிந்துகொண்டார். அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை. அதைத் தின்ன அவருக்குப் பங்குனி வரைக்கும் ஆயிற்று என்று அவர் மருமகள் பிறகு சொன்னாள்.

அன்று சாயங்காலம் துபாசியின் படகு போவதை நாங்கள் பார்க்கவில்லை. நைனா தைத்துக்கொண்டிருந்தார், நான் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஓட்டை, ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. இருட்டுவதற்கு முன்னால் எழுந்துபோய் உறியை அவிழ்த்து இறக்கினேன். பெட்டியின் அடியில் கொஞ்சம் மாவு உதிர்ந்துகிடந்தது. அதை விரலால் தொட்டு நக்கினேன். சுக்கு ஜாஸ்திதான்.